ஆண்டு மலருக்கு எந்த எழுத்துரு? பெயர்களிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் பள்ளியில் இந்த வருடம் முதன்முதலாக ஆண்டு மலர் போடுகிறோம். ஏ4 அளவில் 80 பக்கம். பெற்றோரில் பெரும்பாலோர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கட்டுரை, கவிதை எல்லாவற்றையும் மாணவர்கள் செல்போனில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அச்சகத்தில் கொடுத்தால், "எங்க சிஸ்டத்துல கட்டங்கட்டமா வருதுங்க டீச்சர், மறுபடியும் டைப் அடிக்கணுங்க" என்கிறார்கள். எழுத்து மாதிரிப் பட்டியல் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். மலர்க் குழுப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஃபாண்டைக் காட்டுகிறார்கள். அட்டைக்கு ஒன்று, கவிதைக்கு ஒன்று, விளையாட்டு விழாவுக்கு ஒன்று என்று அது நீண்டுகொண்டே போகிறது. எதை வைத்துத் தேர்வு செய்வது? எத்தனை எழுத்துரு போடலாம்?

— தமிழாசிரியை, ஊத்துக்குளி

பதில்: அன்புள்ள டீச்சர்,

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்பக்கங்கள் முழுவதற்கும் முக்த மலர், பெரிய தலைப்புகளுக்கு மட்டும் பாலு தம்பி 2. இந்த இரண்டும் போதும். நீண்ட கட்டுரைகளுக்குப் புத்தகக் களை வேண்டுமென்றால் மூன்றாவதாக நோட்டோ செரிஃப் தமிழ் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். எல்லாமே கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியானவை என்பதால் அச்சகத்துக்கும் ஃபைலைக் கொடுக்கலாம், காசுக்கு விற்கும் மலரிலும் போடலாம்.

இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பது உங்கள் மலர்க் குழுவுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் அடுத்த வருடம் வேறு எழுத்துரு கிடைத்தாலும் அவர்களே தேர்ந்துகொள்வார்கள்.

சின்ன எழுத்தில் தொடங்குங்கள்

பிள்ளைகள் எழுத்துருவை அட்டையிலிருந்து தேடத் தொடங்குகிறார்கள். அட்டையில் 60 புள்ளி (பாயின்ட்) அளவில் எந்த எழுத்தும் அழகாகத்தான் இருக்கும். மலரை வீட்டுக்குக் கொண்டுபோனதும் குடும்பமே முதலில் தேடுவது வகுப்புப் படத்தைத்தான். படத்துக்குக் கீழே மகள் பெயர் எங்கே என்று விரல் வைத்துத் தேடுவார்கள். அந்தப் பெயர் 9 புள்ளி அளவில் இருக்கும். மலரிலேயே மிகச் சிறிய எழுத்து அதுதான், மிக முக்கியமான எழுத்தும் அதுதான். ஆகவே அந்தப் பெயரைத் தெளிவாகக் காட்டும் எழுத்துருவை முதலில் பிடியுங்கள். தலைப்பும் அட்டையும் அதற்குப் பொருந்தி வரட்டும்.

தமிழ் எழுத்துக்கு இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும். நம் எழுத்துகள் பல, ஒரு சிறு வளைவிலோ புள்ளியிலோதான் வேறுபடுகின்றன. எ-ஏ இரண்டுக்கும் கீழே ஒரு கோடுதான் வித்தியாசம். ஒ-ஓ இரண்டுக்கும் ஒரு சுழி. கி-கீ, வி-வீ இரண்டிலும் மேல்வளைவின் முனை சுழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ன-வுக்கும் ண-வுக்கும் இடையே ஒரு சுழி கூடுகிறது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சிறிய அளவில் ஒன்றுபோலத் தெரியும். ஓலைச்சுவடிக் காலத்தில் பெரும்பாலும் புள்ளியும் ஏகார ஓகார நெடில் அடையாளமும் இல்லாமலே எழுதினார்கள், படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைத் தெளிவாக்கிய பெருமை மரபாக வீரமாமுனிவருக்குச் சொல்லப்படுகிறது. வாக்கியத்தில் எழுத்து மங்கினால் இடம் பார்த்து ஊகிக்கலாம். தனியாக நிற்கும் பெயரை அப்படி ஊகிக்க வழியில்லை.

ஒரு மணி நேரச் சோதனை

குழுவை உட்காரவைத்து, உங்கள் வருகைப் பதிவேட்டிலிருந்து கடினமான பெயர்கள் பத்தைப் பொறுக்கச் சொல்லுங்கள். எப்படிப்பட்ட பெயர்கள் என்பதற்கு ஒரு மாதிரி: வெற்றிவேல், ஹர்ஷவர்தினி, ஜெயஸ்ரீ, ஷண்முகப்பிரியா, ஞானசௌந்தரி, கிருஷ்ணமூர்த்தி, லக்ஷ்மி, தௌலத் நிஷா. கொம்பு, கிரந்த எழுத்து, ஔகார நெடில், ஒற்று, மேலும் கீழும் நீளும் உயிர்மெய் எல்லாம் இதற்குள் வந்துவிடும். பிறகு போட்டியிலிருக்கும் ஒவ்வொரு எழுத்துருவிலும் அந்தப் பட்டியலை 9 புள்ளியில் அமைத்து, அளவை மாற்றாமல் நூறு சதவீதத்தில் அச்செடுங்கள். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

தாளைக் கை நீட்டும் தூரத்தில் வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கட்டும். நாலு விஷயம் கவனிக்க வேண்டும். ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் வெள்ளை தெரிகிறதா? புள்ளி எழுத்தை விட்டு விலகித் தனியாகத் தெரிகிறதா? எ-ஏ, கி-கீ பிரித்து அறிய முடிகிறதா? ஸ்ரீ, ஷ, க்ஷ ஆகியவை மற்ற எழுத்துகளோடு ஒரே தடிப்பில் இருக்கின்றனவா? சில எழுத்துருக்களில் கிரந்த எழுத்துகள் வேறு கை எழுதியதுபோல் மெலிந்தோ தடித்தோ நிற்கும். உங்கள் பட்டியலில் அத்தகைய பெயர்கள் நிறைய இருக்கும் என்பதால் அப்படிப்பட்டதை விலக்கிவிடுங்கள்.

இந்தச் சோதனைக்கு உங்கள் ஊரில் நல்ல நடுவர்கள் இருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் பிரிண்டிங் பகுதியிலோ லேபிள் வேலையிலோ இருக்கும் பெற்றோர் ஒருவரைக் கூப்பிடுங்கள். மெல்லிய கோடு எங்கே அறுந்துபோகும், நெருக்கமான வளைவு எங்கே மையில் அடைத்துக்கொள்ளும் என்பதை அவர்கள் தினமும் துணியில் பார்க்கிறவர்கள். தாளில் மை பரவுவதும் அதே கதைதான். அவர்கள் விரல் வைக்கும் இடம் சரியாக இருக்கும்.

முக்த மலர் இந்தச் சோதனையில் தேறுவதற்குக் காரணம் அதன் கோடு ஏறக்குறைய ஒரே தடிப்பில் ஓடுவதும் சுழிகள் திறந்திருப்பதும்தான். மும்பையில் இயங்கும் எக் டைப் குழு வடிவமைத்தது. மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஏழு தடிப்புகளில் வருகிறது. பெயர்களுக்கு மீடியம், உடல் எழுத்துக்கு ரெகுலர், உட்தலைப்புக்கு செமிபோல்டு என்று ஒரே குடும்பத்துக்குள் வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். இதற்கு மாற்றாக பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் ஒன்பது தடிப்புகளில் இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழும் நல்லது. இலங்கை வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸின் பவனம் பார்க்க இனிமையானது, ஆனால் ஒரே தடிப்பில்தான் வருகிறது. அப்படி ஒரே தடிப்புள்ள எழுத்துருவில் "போல்டு" பொத்தானை அழுத்தினால் மென்பொருள் செயற்கையாகக் கோட்டைப் பருமனாக்கும், சுழிகள் அடைத்துவிடும். தடிப்பு வேண்டுமானால் தடிப்பு வடிவம் உள்ள குடும்பத்திலிருந்தே எடுங்கள்.

அளவும் இடைவெளியும்

உடல் எழுத்து 10.5 அல்லது 11 புள்ளி. வரிக்கு வரி 16 புள்ளி. ஆங்கிலத்துக்குப் பழகிய இடைவெளியில் தமிழை அமைத்தால், மேல் வரியின் கூ, ணு, மூ கீழே இறங்கி அடுத்த வரியின் கொக்கிகளை முட்டும். ஏ4 பக்கத்தில் கட்டுரைகளை இரண்டு பத்தியாக ஓட்டலாம், மூன்று வேண்டாம். தமிழ்ச் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்பவை. "பெற்றோர்களுக்கும்", "ஒத்துழைத்தவர்களுக்கும்" போன்ற சொற்கள் குறுகிய பத்தியில் வந்தால் வரியின் இருபுறமும் சமன்செய்யும்போது நடுவே பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் சமன்செய்து வலப்பக்கத்தை இயல்பாக விட்டுவிடுங்கள். சொல்லை உடைக்க நேர்ந்தால், ஒற்றெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வந்து நிற்கக் கூடாது. முதலெழுத்துக்கும் பெயருக்கும் இடையே உடையாத இடைவெளி கொடுங்கள். இல்லாவிட்டால் "மு." ஒரு வரியிலும் "கார்த்திகா" அடுத்த வரியிலும் போய்விடும்.

வகுப்புப் பக்கத்தில் ஒரு வரிசைக்கு நாலு படம் வையுங்கள். ஓரம் போக ஒவ்வொரு பெயருக்கும் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் கிடைக்கும். 9 புள்ளியில் பெரும்பாலான பெயர்கள் ஒரே வரியில் அடங்கும். அடங்காத நீண்ட பெயரை அச்சகத்தில் பக்கவாட்டில் நசுக்குவார்கள். நசுக்கினால் நெடுக்குக் கோடு மட்டும் மெலியும், எழுத்தின் உருவம் கெடும். அதற்கு இரண்டு வரியாக விடுவதே மேல். "நிற்போர், இடமிருந்து வலம்" என்று நீளும் குழுப் படங்களுக்கு, மூன்றாவது எழுத்துருவாக நோட்டோ செரிஃபுக்குப் பதில் அனேக் தமிழைச் சேர்த்தால் உதவும். அதில் குறுகிய வடிவத்தை வடிவமைத்தவர்களே செய்து வைத்திருக்கிறார்கள், இடம் மிச்சமாகும், எழுத்தும் கெடாது.

எழுத்தின் அளவுக்கும் செலவுக்கும் உள்ள உறவு தமிழ் அச்சில் பழையது. 1713-இல் ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் மதபோதகர் சீகன்பால்கின் தரங்கம்பாடி அச்சகத்துக்கு வந்துசேர்ந்தன. அவை பெரிதாக இருந்தன, தாளை விழுங்கின. தாளோ கிடைப்பதற்கு அரிது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி முடிந்தது. எவ்வளவு சிறிதாக்கினால் தெளிவு கெடாது என்ற கணக்கை அவர்கள் ஈயத்தில் போட்டார்கள். நீங்கள் அதே கணக்கை ஓர் அச்சுப் பிரதியில் போட்டுவிடலாம். பின் அடிக்கும் மலரில் பக்கங்கள் நாலின் மடங்காக ஏறும், இறங்கும். ஆகவே 76-ஆ, 80-ஆ, 84-ஆ என்பதை உடல் எழுத்தின் அளவை முடிவு செய்த பிறகே அச்சகத்துக்குச் சொல்லுங்கள். பக்கத்தைக் குறைக்க எழுத்தைச் சுருக்காதீர்கள், கட்டுரையைச் சுருக்குங்கள்.

தலைப்புகள்

பிள்ளைகளின் ஆர்வத்துக்கு இடம் தர வேண்டிய இடம் இதுதான். பாலு தம்பி 2 உருண்டையாக, குழந்தைத்தனத்தோடு, தடித்து நிற்கும். விளையாட்டு விழாப் பக்கத்துக்கும் ஆண்டு விழாப் பக்கத்துக்கும் நன்றாகப் பொருந்தும். அதைத் தலைப்பு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டுரையை அதில் ஓட்டினால் கண் சோர்ந்துவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தனி நிறம் கொடுங்கள், எழுத்துரு மாற வேண்டாம். பக்கங்களுக்கு வேறுபாடு கிடைக்கும், மலரும் ஒன்றாக நிற்கும்.

கவிதைகளுக்குக் கையெழுத்துச் சாயல் ஃபாண்ட் வேண்டும் என்று குழு கேட்கும். அதைவிட நல்ல வழி இருக்கிறது. கவிதையின் தலைப்பை எழுதியவரே தன் கையால் வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் எழுதட்டும். அதை ஸ்கேன் செய்து போடுங்கள். அது அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உரிய எழுத்தாக இருக்கும்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. சாய்வெழுத்தும் நம் அச்சு மரபில் வேரூன்றவில்லை. எதையாவது அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் தடிப்பு, அளவு, நிறம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்துங்கள். மூன்றையும் ஒரே இடத்தில் கொட்ட வேண்டாம்.

கறுப்பு எழுத்தைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். நாலு கலரும் கலந்த கறுப்பில் பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும். படத்தின் மேல் வெள்ளை எழுத்து போடுவதானால் 12 புள்ளிக்குக் குறையாமல், செமிபோல்டுக்கு மெலியாமல் போடுங்கள். சுற்றியுள்ள மை உள்ளே கசிந்து முதலில் விழுங்குவது புள்ளியைத்தான்.

கட்டங்கட்டமாக வருவது ஏன்?

உங்கள் அச்சகத்தார் சொல்வது உண்மை. பிள்ளைகள் செல்போனில் தட்டியது யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியாக்கம். தமிழ்நாட்டு டிடிபி வேலை பல ஆண்டுகளாகப் பேஜ்மேக்கர் மென்பொருளில் நடந்துவந்தது. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்த 7.0, அதற்கு யூனிகோடு தெரியாது. ஆகவே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்த பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் நிலைத்தன. அந்த வேலையில் தேர்ந்த கைகள் இன்றும் அதிலேயே வேகமாக இயங்குகின்றன.

அச்சகத்தார் கொடுத்த மாதிரிப் பட்டியலில் ஓர் எழுத்துரு எந்த வகை என்று அறிய எளிய வழி உண்டு. அந்த எழுத்தில் அடித்த வரியைத் தேர்ந்து நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றுங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோடு. பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறினால் பழைய குறியாக்கம்.

மறுபடியும் டைப் அடிக்க மட்டும் விடாதீர்கள். எண்பது பக்கத்தையும் சில நூறு பெயர்களையும் ஒருவர் திரும்ப அடித்தால் பிழை வந்தே தீரும். அதுவும் பெயர்களில்தான் அதிகம் வரும், ஏனென்றால் அடிப்பவருக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியாது. இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, யூனிகோடு தெரிந்த மென்பொருளில் வடிவமைக்கச் சொல்வது. இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு "வெற்றிவேல்" சிதறிவிடும். இலவசமாக வேண்டுமானால் ஸ்கிரைபஸ் 1.6 இருக்கிறது. பள்ளிக் கணினியிலேயே பிள்ளைகள் கற்றுக்கொள்ளலாம். பக்கங்களை முடித்து, எழுத்துருக்களை உட்பொதித்த பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் அச்சகத்துக்குப் பிளேட் எடுக்கும் வேலை மட்டும்தான்.

இரண்டாவது வழி, பழைய முறையிலேயே அவர்கள் செய்வதானால் குறியாக்கத்தை மாற்றிக் கொடுப்பது. சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர் இதற்கென்றே வந்தது. மாற்றிய பிறகு மூன்று இடங்களைக் கட்டாயம் பாருங்கள்: ஸ்ரீயும் மற்ற கிரந்த எழுத்துகளும், மேற்கோள் குறிகள், நடுவே வரும் ஆங்கிலச் சொற்கள். பழைய எழுத்துருவில் ஆங்கிலத்துக்கு இடமில்லை என்பதால் அந்தச் சொற்கள் தாறுமாறான தமிழாகிவிடும்.

நான் முதல் வழியையே வலியுறுத்துவேன். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் தமிழுக்கென்றே வகுத்த டேஸ்-16-ஐயும் தமிழ்க் குறியாக்கத் தரமாக ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் இருக்கும் மலரில் இருபது வருடம் கழித்தும் ஒரு பழைய மாணவி தன் பெயரைத் தட்டித் தேடி எடுக்கலாம். அதற்கு ஒரு கவனம் தேவை. ஸ்ரீ என்பதை ஸ-வில் தொடங்கியும் ஶ-வில் தொடங்கியும் தட்ட முடியும். பார்வைக்கு இரண்டும் ஒன்று, தேடும்போது வேறு வேறு. குழு ஒன்றை முடிவு செய்து எல்லாப் பெயரிலும் அதையே வைத்துக்கொள்ளட்டும்.

வேற்றுமொழிப் பிள்ளைகளின் பெயர்கள்

ஒடிசா, பீகார் பிள்ளைகளின் பெயரைத் தமிழில் போட்டு, அதன் கீழே ஒடியாவிலோ தேவநாகரியிலோ போடுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ் படிக்கத் தெரியாத ஒரு தாய், மகன் பெயரைத் தானே படித்துக்கொள்ள அந்த ஒரு வரி போதும். இதற்கு அனேக் குடும்பம் பொருத்தமானது. தமிழ், ஒடியா, தேவநாகரி, ஆங்கிலம் உட்படப் பத்து எழுத்துமுறைகளை ஒரே உயரம், ஒரே தடிப்பு மனதில் வைத்து வடிவமைத்திருக்கிறார்கள். எந்த மொழிப் பெயரும் பக்கத்தில் சிறுத்துத் தெரியாது. ஆகவே பெயர்ப் பட்டியல் முழுவதையும் அனேக்கிலேயே அமைத்தாலும் எனக்குச் சம்மதம். அந்த மொழிகளில் கூட்டெழுத்துகள் உண்டு என்பதால் பழைய பேஜ்மேக்கர் இங்கே உதவாது. எழுத்துக்கூட்டலை இணையத்தில் தேடி எடுக்காமல் பெற்றோரிடமே எழுதி வாங்குங்கள்.

பழைய எழுத்து வேண்டுமா?

மலரில் ஊர் வரலாறோ பழைய மாணவர் நினைவோ வரும்போது, பழங்காலத் தோற்றத்துக்காகத் துதிக்கை போட்ட லையையும் னையையும் தேடுவார்கள். பக்கத்து ஈரோட்டில் பிறந்த பெரியார் 1935-இல் குடிஅரசு இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தை, 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் உருவம் மாறியது. அதற்கு முந்தைய எழுத்தைக் காட்ட வேண்டுமானால் புது எழுத்துருவில் போலி செய்யத் தேவையில்லை. ஊருக்குள் நடந்து பழைய கல்வெட்டு, பெயர்ப் பலகை, அழைப்பிதழ் ஆகியவற்றைப் படம் எடுத்துப் போடுங்கள். உங்கள் ஊர்க் கதித்தமலைக் கோயில் விழாவின் பழைய அழைப்பிதழ் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருக்கும். படம் உண்மையைச் சொல்லும், பிள்ளைகளும் எழுத்து மாறிய கதையை ஆதாரத்தோடு படிப்பார்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன்

பெயர்களைப் பிள்ளைகள் தட்டி அனுப்பிய பட்டியலிலிருந்து எடுக்காமல் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். புரூஃப் வந்ததும் ஒவ்வொரு வகுப்புப் பக்கத்தையும் அந்தந்த வகுப்புக்கே கொண்டுபோங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து, சரி என்றால் பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும். ஒரு பிள்ளை தன் பெயரைப் படிக்கத் தடுமாறினால், பிழை பெயரில் இல்லாவிட்டாலும் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். எல்லாக் கையெழுத்தும் விழுந்த பிறகே அச்சகத்துக்கு ஒப்புதல் கொடுங்கள். அந்தப் பக்கங்களையும், பிடிஎஃப்பையும், பயன்படுத்திய எழுத்துரு ஃபைல்களையும் பள்ளி நூலகத்தில் சேர்த்துவிட்டால் அடுத்த வருடக் குழு இதே இடத்திலிருந்து வேலையைத் தொடங்கலாம்.